நகரமும் காடும்: சமுதாயச் சூழலியல் பற்றி ஒரு மதிப்பீடு

உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 'மலர் போன்ற முகம்' என்னுமிடத்து மலரும் முகமும் வேறு வேறாக நிற்கின்றன. இடையில் நிற்கும் 'போன்ற' என்னும் உவமவுருபு, இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றது. 'முகமலர்' என்றவுடன் உருபு மறைகின்றது, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. செய்யுளில் இஃது அழகு. ஆராய்ச்சியில் உவமவுருபு ஒருவரும் அறியாமல் மறைந்துபோனால் அது பிழையாகும். சில வேளைகளில் தீங்குமாகும்.

இதற்குத் தக்க சான்றாக அமைவது, அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த 'மக்கட் சூழலியல்' என்னும் கொள்கை. நகரத்து மக்கள் எவ்வாறு கூடி வாழ்கின்றனர் என்பதைச் செடிகொடிகள் காட்டில் கூடி வாழும் முறையைக் கொண்டு விளக்க முற்பட்டது அக்கொள்கை. நகரச் சமூகவியல் என்னும் துறைக்கே அஃது அடிப்படை இட்டது என்று கூறினும் மிகையாகாது. அதன் சிறப்பையும் குறையையும் ஒருங்கே அறிவது, மாணவர்களையும் அவர்கள் வாழும் இடங்களையும் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படும்.

கொள்கை பிறந்த நகர்

சிக்காகோ 1837-இல் நகராட்சி உரிமை பெற்றது. 1840-இல் அங்கு வாழ்ந்தோர் நாலாயிரத்து ஐந்நூறு பேருக்கும் குறைவு. 1871-இல் பெருந்தீ நகரின் நடுப்பகுதியை அழித்தது. ஆயினும் 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது; 1930-இல் 33 இலட்சத்தையும் கடந்தது. அயர்லாந்தியர், செர்மானியர், சுவீடியர், போலந்தியர், இத்தாலியர், யூதர் என ஐரோப்பிய மக்கள் அலை அலையாக வந்து குடியேறினர். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து தென்மாநிலக் கறுப்பின மக்களும் பெருந்தொகையாக வந்தனர். ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் ஒரு சிற்றூர் மாநகராக வளர்ந்ததைக் கண்ணெதிரே கண்டவர்களுக்கு, நகரம் ஓர் உயிர்ப்பொருளாகவே தோன்றியதில் வியப்பில்லை.

இராபர்ட் எஸ்ரா பார்க் (1864–1944) அத்தகைய நோக்குடையவர். பத்திரிகை நிருபராகத் தெருத்தெருவாக அலைந்து செய்தி திரட்டியவர். செர்மனியில் உயர்கல்வி கற்றவர். கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டனிடம் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஏறத்தாழ ஐம்பது வயதில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணி ஏற்று, 1915-இல் நகரத்தை ஆராயும் நெறி குறித்து ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். நகரமே சமூகவியலாரின் ஆய்வுக்கூடம் என்பது அவர் மாணவர்களுக்கு ஊட்டிய கருத்து. எர்னஸ்ட் பர்ஜெஸ், ரொடரிக் மெக்கன்சி ஆகியோருடன் அவர் 1925-இல் வெளியிட்ட 'நகரம்' என்னும் தொகுப்பு நூல் இக்கொள்கைக்கு மூலநூல் எனத்தக்கது.

தாவரவியல் தந்த சொற்கள்

'சூழலியல்' என்னும் துறைப்பெயரை 1866-இல் முதலில் ஆக்கியவர் செர்மானிய உயிரியலறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல். டென்மார்க்கைச் சேர்ந்த வார்மிங், ஒரே நிலத்தில் சேர்ந்து வளரும் செடிகளை ஒரு சமுதாயமாகக் கொண்டு 1895-இல் நூல் எழுதினார். அமெரிக்கரான கிளெமென்ட்ஸ், ஒரு நிலத்தில் ஒருவகைச் செடி மறைய மற்றொருவகை அவ்விடத்தைப் பெறும் வரிசைமுறையை 1916-இல் விரித்துரைத்தார். வெற்று நிலத்தில் முதலில் புல் தோன்றும்; பின்னர்ப் புதர் புகும்; இறுதியில் பெருமரங்கள் ஓங்கி, ஒளியைத் தாமே பெற்று, கீழே எவை வளரலாம், எவை வளரலாகாது என்பதை முடிவு செய்யும்.

இத்துறைகளிலிருந்து சிக்காகோ அறிஞர்கள் நான்கு சொற்களைக் கடன் பெற்றனர். அவை போட்டி, ஆதிக்கம், புகுதல், பின்தொடர்தல் என்பன. செடிகள் ஒளிக்கும் நீருக்கும் போட்டியிடுதல் போல, மனிதரும் தொழில்களும் நகரில் இடத்துக்குப் போட்டியிடுகின்றனர். ஓங்கிய மரம் காட்டை ஆளுதல் போல, நிலவிலை மிகுந்த வாணிகமையம் நகரை ஆளுகின்றது. ஒரு வட்டாரத்துள் புதிய கூட்டத்தார் புகுகின்றனர், பழையவர் வெளியேறுகின்றனர், புதியவர் அவ்விடத்துக்கு உரியராகின்றனர். இவ்வாறு யாரும் திட்டமிடாமலே அமைந்துவிடும் பகுதிகளுக்கு 'இயற்கை வட்டாரங்கள்' என்று பெயரிட்டனர்.

பர்ஜெஸ் இதனைப் படமாகவே வரைந்து காட்டினார். குளத்தில் எறிந்த கல்லைச் சுற்றி அலை விரிவதுபோல் ஐந்து வளையங்கள். நடுவில் 'லூப்' எனப்படும் வாணிகமையம். அதனை அடுத்து, வாணிகமும் சிறு தொழிற்சாலைகளும் புகுந்து சிதைந்துவரும் மாறுநிலை வளையம். புதிதாக வந்த ஏழைக் குடியேறிகள் முதலில் தங்குவது இங்கேதான். மூன்றாவது, அவ்விடத்தைவிட்டு முன்னேறிய தொழிலாளர் வீடுகள். நான்காவது, வசதி மிக்கோர் குடியிருப்பு. ஐந்தாவது, நகர எல்லைக்கு அப்பாலிருந்து அரைமணி முதல் ஒருமணி நேரம் பயணம் செய்து வேலைக்கு வருவோர் வாழும் புறநகர். சிக்காகோவின் கீழ்த்திசை முழுவதும் மிச்சிகன் ஏரி. எனவே அந்நகரில் வளையங்கள் பாதி வட்டங்களே. கொள்கைக்கு எடுத்துக்காட்டான ஊரே முழுவட்டமாக அமையவில்லை.

இவ்வளைய வடிவம் நெடுநாள் நிலைக்கவுமில்லை. 142 அமெரிக்க நகரங்களின் வாடகைக் கணக்கை ஆராய்ந்த ஹோமர் ஹாய்ட், செல்வர் குடியிருப்புகள் வளையமாக அமையாமல் மையத்திலிருந்து புறநோக்கி நீளும் ஆப்பு வடிவில் அமைகின்றன என்று 1939-இல் காட்டினார். பல நகரங்களுக்கு மையமே பல என்று ஹாரிஸ், உல்மன் என்னும் நிலவியலறிஞர் இருவர் 1945-இல் எழுதினர். ஆனால் இவை படத்தின் வடிவைப் பற்றிய பூசல்கள். ஆராய வேண்டியது அதனினும் ஆழ்ந்தது.

சமுதாயம் வேறு, சமூகம் வேறு

தமிழில் 'சமுதாயம்', 'சமூகம்' என்னும் இரு சொற்களையும் ஒருபொருட் சொற்களாகவே பெரும்பாலோர் வழங்குகின்றனர். பார்க் இவ்விரண்டு கருத்துகளையும் பிரித்துக் கொண்டார். ஒரு நிலப்பரப்பில் வேரூன்றி, ஒருவரையொருவர் அறியாவிடினும் ஒருவரையொருவர் சார்ந்து பிழைக்கும் மக்கள்தொகுதி சமுதாயம். அதை நடத்துவது போட்டி. பேச்சாலும் வழக்காலும் ஒழுக்கத்தாலும் ஒத்த கருத்துடன் இயங்குவது சமூகம். அதை நடத்துவது இசைவு. 1936-இல் எழுதிய கட்டுரையில் முதலாவதை உயிர்நிலை என்றும், இரண்டாவதைப் பண்பாட்டு நிலை என்றும் அவர் இருதட்டாகப் பிரித்தார். செடிகளுக்கு முதல்தட்டு மட்டுமே உண்டு. மனிதருக்கு இரண்டும் உண்டு. ஆகவே பார்க் மனிதரைச் செடியென்றே கருதினார் என்று குற்றஞ் சாட்டுவது முறையன்று. அவர் எழுத்தில் உவமவுருபு முற்றும் மறைந்துவிடவில்லை.

ஆனால் அப்பிரிவு நடைமுறையில் நிற்குமா என்பதே கேள்வி. மில்லா அலிஹான் என்னும் அம்மையார் 1938-இல் வெளியிட்ட மறுப்பு நூலில் இதையே வினவினார். நகரத்தில் நிகழும் போட்டி வெறும் உயிர்நிலைப் போட்டியா? நிலத்தை வாங்கப் பணம் வேண்டும், பத்திரம் வேண்டும், அதனைக் காக்கச் சட்டமும் நீதிமன்றமும் வேண்டும். இவை அனைத்தும் பண்பாட்டு நிலையைச் சேர்ந்தவை. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சும் 'தூய போட்டி' எந்த நகரத்திலும் இல்லை. இரண்டு தட்டுகளையும் பிரித்து வைத்தவர்களே, ஆய்வில் இறங்கியதும் இரண்டையும் கலந்தே எழுதினர் என்று அவர் காட்டினார். இவ்வாதத்திற்குத் தக்க விடை எளிதில் கிடைக்கவில்லை.

கொள்கையின் நன்மை

குறை கூறுமுன் நன்மையை அளந்து கூறுதல் திறனாய்வின் கடமை. அக்காலத்து அமெரிக்காவில், குற்றமும் வறுமையும் சில இனத்தாரின் பிறவிக்குணம் என்று படித்தவர்களே எழுதிவந்தனர். சூழலியலார் அதனைப் புள்ளிக்கணக்கால் எதிர்த்தனர். கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே ஆகிய இருவரும் சிக்காகோ இளைஞர் நீதிமன்றப் பதிவுகளைப் பல்லாண்டுக் காலத்துக்கு ஒப்பிட்டனர். நகரமையத்தை ஒட்டிய சில வட்டாரங்களில் இளைஞர் குற்றவிகிதம் எப்போதும் உயர்ந்தே இருந்தது. அங்கே முதலில் வாழ்ந்தவர்கள் செர்மானியரும் அயர்லாந்தியரும். பின்னர் இத்தாலியரும் போலந்தியரும். குடிகள் மாறினர், விகிதம் மாறவில்லை. அங்கிருந்து வெளியேறி நல்லிடம் சேர்ந்த இனத்தாரிடையே குற்றம் குறைந்தது. எனில் காரணம் குருதியில் இல்லை. குடியிருந்த இடத்தின் நிலையில் உள்ளது. 1942-இல் நூலாக வெளிவந்த இம்முடிவு, இனவாதத்துக்கு எதிராக எழுந்த வலிமை மிக்க ஆய்வுகளுள் ஒன்று.

இவ்வாறே பார்க்கின் மாணவர் வரிசையில் வந்த ஃபிராங்கிளின் ஃபிரேசியர் என்னும் கறுப்பின அறிஞர், 1932-இல் வெளியிட்ட நூலில் சிக்காகோக் கறுப்பினப் பகுதியையே ஏழு மண்டலங்களாகப் பிரித்து, குடும்ப வாழ்க்கை மண்டலத்துக்கு மண்டலம் வேறுபடுவதைக் காட்டினார். ஒரே நிறத்தார் அனைவரும் ஒரே தன்மையர் என்னும் எண்ணம் அங்கே உடைந்தது. நாடோடித் தொழிலாளர், இளைஞர் கும்பல், யூதர் சேரி, செல்வர் தெரு ஆகிய ஒவ்வொன்றையும் நேரில் சென்று கண்டு எழுதிய நூல்கள் 1923 முதல் 1929 வரை அடுத்தடுத்து வெளிவந்தன. நூலகத்தில் அமர்ந்து நகரத்தைக் கற்பனை செய்த காலம் அத்துடன் முடிந்தது.

உருபு மறைந்த இடம்

இனித் தீமை எங்கே புகுந்தது என்று காண்போம். 1910-இல் சிக்காகோவில் கறுப்பின மக்கள் ஏறத்தாழ 44,000 பேர். 1930-இல் 2,33,000-க்கும் மேல். அவர்கள் நகரின் தென்பகுதியில் ஒரு குறுகிய நிலப்பட்டையில் நெருக்குண்டு வாழ்ந்தனர். சூழலியல் நோக்கில் அதுவும் ஓர் 'இயற்கை வட்டாரம்'. அதில் இயற்கை எங்கே இருந்தது? 1919 கோடையில் மூண்ட இனக்கலவரத்தில் 38 பேர் மாண்டனர். கறுப்பினத்தார் புதிதாகக் குடிபுகுந்த வீடுகளில் வெடிகுண்டு வீசப்பட்டது. வீட்டுடைமையாளர் ஒன்றுகூடி, கறுப்பினத்தார்க்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தங்கள் அப்பட்டையைச் சுற்றி மதிலாக நின்றன. சிக்காகோப் பல்கலைக்கழகமே தன்னைச் சூழ்ந்த வட்டாரத்தில் இத்தகைய ஒப்பந்தங்களைக் காக்கப் பாடுபட்ட சங்கங்களுக்குப் பொருளுதவி புரிந்தது. காட்டில் எந்த மரமும் மற்றொரு மரத்தை உள்ளே விடுவதில்லை என்று பத்திரம் எழுதிப் பதிவு செய்வதில்லை.

இதனைத் தெளிவாக எடுத்துரைத்தவர்கள், அப்பல்கலைக்கழகத்தில் பயின்ற செயின்ட் கிளேர் டிரேக், ஹோரஸ் கேட்டன் ஆகிய இருவர். அவர்கள் 1945-இல் எழுதிய பெருநூல், கறுப்பினப் பகுதியின் எல்லைகள் எவ்வாறு மனிதக் கைகளால் இடப்பட்டன என்பதைப் பக்கம் பக்கமாக விவரிக்கின்றது. ஆசிரியர் காணத் தவறியதை மாணவர் கண்டது இக்கொள்கையின் வரலாற்றில் போற்றத்தக்க பகுதி.

உவமை ஏட்டோடு நின்றிருந்தால் கேடு சிறிதாகவே இருந்திருக்கும். மேலே கூறிய ஹோமர் ஹாய்ட், 1933-இல் வெளியிட்ட சிக்காகோ நிலவிலை பற்றிய நூலில், எந்தெந்த இனத்தார் வந்தால் நிலவிலை எவ்வாறாகும் என்று ஒரு தரவரிசையே தந்தார். அதன் அடியில் கறுப்பினத்தாரும் மெக்சிகோ நாட்டாரும் வைக்கப்பட்டனர். 1934-இல் அமைந்த கூட்டாட்சி வீடமைப்பு நிர்வாகத்தில் அவர் பொருளியல் வல்லுநராகப் பணி ஏற்றார். வீட்டுக்கடனுக்கு ஈட்டுறுதி அளிப்பது அந்நிர்வாகத்தின் வேலை. வேற்றினத்தார் ஊடுருவக்கூடிய வட்டாரம் கடனுக்கு ஏற்றதன்று என்று அதன் கைந்நூல் அதிகாரிகளை எச்சரித்தது. தாவரவியலில் தோன்றிய புகுதலும் பின்தொடர்தலும் அரசாங்கத்தின் கடன் விதியாக மாறின. கடன் கிடைக்காத இடத்தில் வீடுகள் சிதைந்தன. சிதைந்ததைக் கண்டவர்கள், கொள்கை மெய்யாயிற்று என்றனர். இன ஒப்பந்தங்களை நீதிமன்றம் செயற்படுத்தலாகாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இல். வீட்டு விற்பனையில் இனவேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது 1968-இல்.

உரிப்பொருள் இல்லாத திணை

மற்றொரு குறை, மனத்தைப் பற்றியது. வால்ட்டர் ஃபைரி பாஸ்டன் நகரை ஆராய்ந்து 1945-இல் ஒரு கட்டுரையும் 1947-இல் ஒரு நூலும் எழுதினார். அந்நகரின் வாணிகமையத்தை ஒட்டியே பீக்கன் ஹில் என்னும் பழங்குடியினர் மேடு உள்ளது. நிலவிலைக் கணக்குப்படி அது கடைகளாகவோ வாடகை விடுதிகளாகவோ எப்போதோ மாறியிருக்க வேண்டும். ஆயினும் உயர்குடியினர் பலர் முன்னோர் வாழ்ந்த இடம் என்று அதனைக் கைவிடாது காத்தனர். 1634 முதல் பொதுநிலமாக இருந்துவரும் 'பாஸ்டன் காமன்' திடல் விலைமதிப்பற்ற இடத்தில் கிடக்கின்றது. வாணிகர் விரும்பியும் அது விலைக்கு வரவில்லை. நகரின் வடகோடியில் இத்தாலியர், வேறிடம் செல்ல வசதி இருந்தும், உறவும் கோயிலும் உள்ள தெருவைவிட்டு நீங்க மனமின்றி வாழ்ந்தனர். உணர்வும் நினைவும் நிலப்பயன்பாட்டை முடிவு செய்யும் ஆற்றல்கள் என்பது ஃபைரியின் முடிபு.

தமிழிலக்கணம் கற்றார் இங்கே முதல், கரு, உரி என்னும் மூன்றையும் நினைப்பர். பழந்தமிழர் இக்கொள்கையை அன்றே கண்டனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. அகத்திணை செய்யுளுக்கு உரிய நெறி, நகர ஆய்வுக்கு உரியதன்று. ஆயினும் அப்பாகுபாடு ஒரு நல்ல அளவுகோல். சிக்காகோ அறிஞர்கள் நிலத்தையும் காலத்தையும் அளந்தனர். தொழில், வீடு, கூட்டம் ஆகிய கருப்பொருள்களை எண்ணினர். அவ்விடத்து வாழ்வார் மனத்தில் நிகழும் உரிப்பொருளைத் தங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. உரியின்றி நிலத்தைப் பாடினால் அது நில வருணனையாகுமேயன்றித் திணையாகாது.

இக்குறையின் விலையைப் பாஸ்டனின் மேற்குப் பகுதி மக்கள் கொடுத்தனர். சேரி என்று முத்திரையிடப்பட்ட அவ்வட்டாரம் 1950-களின் இறுதியில் இடித்துத் தள்ளப்பட்டது. இடிக்கப்படுமுன் அங்கே சென்று தங்கிய ஹெர்பர்ட் கான்ஸ், 1962-இல் வெளியிட்ட நூலில், உறவாலும் நட்பாலும் நெருங்கிப் பிணைந்த ஒரு சமூகம் அங்கே இருந்ததை எடுத்துக்காட்டினார். நூல் வந்தபோது ஊர் இல்லை.

வட்டாரமும் ஆளும்

ஆசிரியர்கள் கருத்தூன்றிக் காணவேண்டிய பிழை இன்னொன்று உண்டு. வட்டாரத்தைப் பற்றிய உண்மையை அவ்வட்டாரத்து ஒவ்வோர் ஆளைப் பற்றிய உண்மையாகக் கொள்வது அது. வில்லியம் ராபின்சன் 1950-இல் இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கினார். 1930-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது. இதனால் வெளிநாட்டில் பிறந்தவர் மிகுதியாக எழுத்தறிந்தவர் என்று முடிவு கட்டலாமா? ஆள் ஆளாக எண்ணிப் பார்த்தபோது, அவர்களிடையே எழுத்தறியாமை சற்று மிகுதியாகவே இருந்தது. எழுத்தறிவு மிக்க மாநிலங்களில் அவர்கள் சென்று குடியேறினர் என்பதே காரணம். மாநிலக் கணக்கு ஒன்று சொல்லிற்று. மனிதர் கணக்கு அதற்கு மாறாகச் சொல்லிற்று.

ஷாவும் மெக்கேயும் கண்டது வட்டாரத்தின் விகிதம். குற்றம் மிகுந்த அவ்வட்டாரங்களிலும் நீதிமன்றப் படியேறாத சிறுவரே மிகப் பலர். வரைபடத்தில் கருமை பூசிய கட்டத்தினின்று வரும் மாணவனைக் கண்டவுடன் 'இவன் இப்படித்தான்' என்று முடிவு செய்யும் ஆசிரியர், ஆராய்ச்சியைப் பின்பற்றுவதாக எண்ணிக்கொண்டு ஆராய்ச்சிக்கு மாறாக நடக்கின்றார்.

இன்றைய நிலை

கொள்கை இவ்வளவு அடிபட்டும் மறையவில்லை. 1950-இல் ஏமஸ் ஹாலி வரைபடத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு மக்கள்தொகுதி தன் சூழலோடு கூட்டாக இயைந்து வாழும் முறையே இத்துறையின் பொருள் என்று திருத்தினார். பிற்காலத்து ஆய்வுகளோ மீண்டும் தெருவுக்கே வந்தன. 1995 சூலையில் சிக்காகோவில் வீசிய கடும் வெப்பத்தால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எரிக் கிளைனன்பர்க் 2002-இல் வெளியிட்ட நூலில், அடுத்தடுத்து உள்ள வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்னும் இரண்டு வட்டாரங்களை ஒப்பிட்டார். தனித்து வாழும் முதியோரும் ஏழை முதியோரும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவினர். ஆனால் வடக்கில் இறப்பு விகிதம் தெற்கைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. தெற்கில் கடைத்தெருவும் நடமாட்டமும் இருந்தன. முதியோர் வீட்டைவிட்டு வெளியே வந்தனர். வராதவரை அயலார் தேடினர். வடக்கில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, கடைகள் ஒழிந்து, வீடிருந்த இடங்கள் வெற்றுமனைகளாகியிருந்தன. அச்சத்தால் கதவடைத்த முதியோர் உள்ளேயே மாண்டனர்.

இடம் மனிதரை ஆக்கும் என்று பார்க் கூறியது உண்மை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. அதே வேளையில், அவ்விடத்தை ஆக்கியது யார் என்று கேளாமல் அவர் பள்ளியினர் விட்டுவிட்டது எவ்வளவு பெரிய குறை என்பதற்கும் இதுவே சான்று. வடக்கு லான்டேலைப் பாழாக்கியது பருவமாற்றம் அன்று. தொழிற்சாலையை மூடியவர்களும், கடன் மறுத்தவர்களும், நகரப் பணிகளைக் குறைத்தவர்களும் மனிதர்களே.

ஆகவே மக்கட் சூழலியலை முற்றும் தள்ளுதலும் தகாது. முற்றும் கொள்ளுதலும் தகாது. நேரிற்சென்று காணும் அதன் முறையும், குற்றத்தைக் குருதியில் தேடாத அதன் நேர்மையும் கொள்ளத்தக்கவை. 'இயற்கை வட்டாரம்' என்னும் சொல் தள்ளத்தக்கது. மனிதர் செய்ததற்கு இயற்கை என்று பெயரிட்டால், அதனை மாற்றும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லாமற் போகின்றது. 'நகரம் காடு போன்றது' என்று மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், 'போன்றது' என்னும் சொல்லைச் சற்று அழுத்திச் சொல்லுதல் நன்று.